லீவுக்குப் பிள்ளையை எங்கே விடுவது: அம்மம்மா வீடா, ரியூசனா, போனா?

தவணை முடியப்போகிறது என்றால் மட்டக்களப்பில் அம்மாமார் கூடும் இடமெல்லாம் ஒரே கதைதான். பள்ளிக்கூடம் பூட்டினால் பிள்ளையை என்ன செய்வது? தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீடுகளில் இது கேள்வியே இல்லை, பீதி. பதில்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில் அம்மம்மா வீட்டுக்கு அனுப்பலாம். டவுனில் லீவு வகுப்பில் சேர்க்கலாம். இரண்டும் சரிவராவிட்டால் போனைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

இந்தக் கதை நடக்கும் இடத்தில் ஒரு மாமா கட்டாயம் இருப்பார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "நாங்களெல்லாம் வளரல்லையா? எங்கள ஆர் பார்த்த?" என்பார். அவர் சொல்வதைக் கேட்டால் 1970களில் பிள்ளை வளர்ப்பு என்று ஒரு வேலையே இங்கே இருக்கவில்லை. காலையில் கடப்படியைத் தாண்டிப் போன பிள்ளை, பின்னேரம் கொஞ்சம் பெரிதாகித் திரும்பி வரும். அவ்வளவுதான்.

மாமாவை ஒரு பக்கம் இருத்திவிட்டு, மூன்று வழிகளையும் ஒழுங்காக எடுத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது?

செலவு முதலாவது. கையால் கொடுக்கும் காசை மட்டும் சொல்லவில்லை. பிறகு மருந்துக் கடையிலும், செருப்புக் கடையிலும், "அவனுக்கு மட்டும் வாங்கிக் குடுத்த" என்ற சண்டையிலும் போகும் காசும் செலவுதான்.

இரண்டாவது காவல். பிள்ளை கிணற்றடிக்குப் போனால் பார்க்க ஆள் இருக்கிறதா? இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

பிள்ளை இரவு களைத்து விழுந்து தூங்குமா என்பது மூன்றாவது. உடம்பு வேலை செய்யாத பிள்ளை இரவு பதினொரு மணிக்குக் கட்டிலில் இருந்து தத்துவம் கேட்கும். நாலாவது, 'அலுப்பா இருக்கு' என்று வந்தால் அதற்கு அங்கே என்ன வழி இருக்கிறது. ஐந்தாவது, பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளை என்ன நிலையில் திரும்பி வரும். கடைசியாக, தாயின் தலையிடி. இதை யாரும் அளவுகோலாகச் சொல்வதில்லை. ஆனால் முடிவு எடுக்கப்படுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

## மாமா பாதிதான் சொல்கிறார்

மாமா சொல்வது பொய் இல்லை, பாதி. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொன்று கட்டுவார்கள். குடி என்று சொல்லும் குலமும் தாய்வழிதான். ஆக ஒரு பிள்ளை முற்றத்தில் இறங்கினால் வலப்பக்கம் பெரியம்மா, இடப்பக்கம் சின்னம்மா, பின்னால் அம்மம்மா, எதிரில் அம்மம்மாவின் தங்கச்சி. நடுவில் இருந்தது வெறும் கிடுகு வேலி. அதற்குக் கண்ணும் உண்டு, காதும் உண்டு. அடுத்த வளவு மாங்காய்க்குக் கல் எறிந்த பொடியன் வீடு வந்து சேர்வதற்கு முன்னமே செய்தி சேர்ந்துவிடும். அடியும் இரண்டு தரம்: வழியில் ஒன்று, வீட்டில் ஒன்று. வழியில் அடித்தது யார் என்று வீட்டில் கேட்கமாட்டார்கள். எதற்கு என்றும் கேட்கமாட்டார்கள். அடிவாங்கியிருக்கிறான், அதற்கு ஒரு காரணம் இல்லாமலா இருக்கும்?

ஆகவே 'சும்மா விட்டு வளர்த்தார்கள்' என்பது கதை. சம்பளம் வாங்காத ஏழெட்டுக் காவல்காரர் இருந்தார்கள், அதனால்தான் பெற்றவள் நிம்மதியாக நெல் குற்றினாள். இன்று வேலி மதிலாகிவிட்டது. சின்னம்மா கனடாவில், பெரியம்மாவின் மகள் கட்டாரில். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டு நாய்க்குத்தான் தெரியும். அந்தக் காவலைத்தான் நாங்கள் இப்போது காசு கொடுத்து வாங்குகிறோம். ரியூசன் காசில் பாதி அதற்குத்தான், டேட்டாவுக்குப் போகும் காசும் அதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே பிள்ளையாக இருந்தவர்களிடம் 'ஆறு மணிக்குள் வீட்டுக்கு வா' என்று சொன்னது ஒழுக்கப் பாடம் இல்லை. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, ஒரே இரவில் மூட்டை கட்டிக்கொண்டு இடம்பெயர்தல், எல்லாம் அந்த வயதுக்குள்தான் நடந்தது. அந்தக் காலத்துப் பகிடிகளை எடுத்துவிடும்போது இதையும் கூடவே வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் இருந்திராத ஒரு சொர்க்கத்தைக் காட்டி நம் பிள்ளைகளை ஏசிக்கொண்டிருப்போம்.

## முதலாவது வழி: படுவான்கரை, அம்மம்மா வீடு

முன்பு இந்தப் பயணமே பாதி லீவு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்தால் போகிறவர்கள் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் மிதவையில், ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். பாதை வரும்வரை கரையில் காத்திருப்பு, ஏறியதும் மோட்டார்சைக்கிளுக்கும் மனிதருக்கும் நடுவில் இடம்பிடிப்பு, தண்ணீரில் கை விடாதே என்று அம்மா கத்துவது, கை விடுவது. இப்போது பாலத்தில் ஏறி இறங்கிவிடுகிறோம், பின்னால் இருக்கும் பிள்ளை வாவியைப் பார்த்ததா என்றுகூடத் தெரியாது. உங்கள் ஊர் மண்டூர்ப் பக்கம் என்றால் குருமண்வெளியால் பாதையில் கூட்டிப்போங்கள். கொஞ்சம் காத்திருப்புத்தான். ஆனால் லீவு தொடங்கிவிட்டது என்று பிள்ளைக்கு அங்கேயே விளங்கிவிடும்.

எந்த லீவு என்பதில்தான் பலரும் கவனம் விடுகிறார்கள். அம்மம்மா வீடு எல்லா மாதமும் ஒன்றில்லை.

சித்திரை லீவு சிறந்தது. வருஷத்துக்கு ஊஞ்சல் கட்டுவார்கள், போர்த்தேங்காய் அடிப்பார்கள், கைவிசேடம் கிடைக்கும். உறவுக்காரர் நிறைந்த ஊர் என்றால் பிள்ளை உங்களைவிடக் கூடுதலான காசோடு திரும்பிவரும். அது கஜு, அதாவது முந்திரிக் காலமும்கூட. கஜுப்பழச் சாறு பட்ட சட்டையை எந்தச் சவர்க்காரமும் ஒன்றும் செய்யாது, அதனால் நல்ல உடுப்பு ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள். அம்மம்மா கொட்டை சுடுவதைப் பிள்ளை கட்டாயம் பார்க்கவேண்டும். ஓட்டை போட்ட பழைய தகரத்தில் கொட்டையைப் பரப்பி, கீழே ஓலையைக் கொளுத்துவார். கொட்டையில் இருந்து எண்ணெய் கசிந்து தகரமே தீப்பிடிக்கும். அந்த நேரத்தில் நீட்டுக் கம்பால் எல்லாவற்றையும் மண்ணில் கவிழ்த்து, மேலே மணலை அள்ளிப் போடுவார். புகை அடங்க, கல்லை எடுத்துக்கொண்டு எல்லோரும் சுற்றி இருப்பார்கள். அந்த எண்ணெய் பட்டால் தோல் பொத்துவிடும் என்று தெரிந்தும், உடைத்த கொட்டையைப் பல்லால் கடித்துப் பிரிக்கும் பிள்ளை ஒன்று எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். மறுநாள் உதடு வீங்கி இருக்கும். எங்கள் வீட்டில் அது என் மகள்.

ஆகஸ்ட் லீவும் நல்லது. மழை இல்லை, கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும், பாலைப்பழமும் நாவலும் கிடைக்கும். ஆடி அமாவாசையோடு ஒட்டி வந்தால் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கும் ஒரு நாள் கூட்டிப்போகலாம். கச்சான் கடலையும் தும்பு முட்டாசும் வாங்கலாம். ஊதியையும் வாங்கிக் கொடுத்துவிட்டு அதை வீட்டுக்குள் ஊதாதே என்று ஒரு கிழமைக்குச் சண்டை பிடிக்கலாம்.

டிசம்பர் வேண்டாம். எங்கள் மாவட்டத்துக்கு மழை நவம்பரில் இருந்து ஜனவரி வரைதான். படுவான்கரையில் வெள்ளம் வந்தால் வீதி மூடப்படும், பிள்ளை அங்கே, நீங்கள் இங்கே. டெங்கு நுளம்புக்கும் அதுதான் காலம். 2020க்குப் பிறகு பள்ளி நாட்காட்டியும் பல தரம் இடம்மாறிவிட்டது. ஆகவே லீவின் பெயரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

சரி, மறைந்திருக்கும் செலவுகள். பேன், முதலாவது. லீவு முடிந்து வந்த பிள்ளையின் தலையில் ஒரு கிராம சபையே நடக்கும். அடுத்தது வயிறு. அங்கே தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே குடிக்கப் பழக்கிவிடுவார்கள், வீட்டுக்கு வந்ததும் உங்கள் அளவான சீனியைப் பார்த்துப் பிள்ளை 'இது தேத்தண்ணியா?' என்று கேட்கும். செருப்பு ஒரு சோடி நிச்சயம் போகும்.

பெரிய செலவு உங்கள் மரியாதை. பூவரசங்கம்பை முறித்து உங்களை வளவைச் சுற்றித் துரத்திய அதே அம்மா, பேரனை நீங்கள் ஒரு சத்தம் போட்டால் போதும், "பச்சப் புள்ளைக்கி ஏசாதகா, அது என்ன கண்டது?" என்று குறுக்கே வருவார். அந்தப் பச்சைப் பிள்ளை அப்போதுதான் அவருடைய கோழியைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்திருக்கும். உங்கள் காலத்தில் காயத்துக்குக் கோப்பித்தூளை அப்பிவிட்டு "போய் விளையாடு" என்றவர், இப்போது பேரனின் முழங்காலில் ஒரு சிராய்ப்பைப் பார்த்துவிட்டு உங்களுக்குக் கோல் எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கேட்பார்.

இன்னொரு விஷயத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. போனில் இருந்து தப்ப வைக்கலாம் என்று பிள்ளையை அங்கே அனுப்புவோம். அங்கே அம்மம்மாவிடம் உங்களிடம் இருப்பதைவிடப் பெரிய போன் இருக்கும், பிள்ளையின் மாமா கட்டாரில் இருந்து அனுப்பியது. விடிந்தால் இமோவில் மாமா வருவார். அம்மம்மா போனை நெற்றிக்கு நேரே பிடிப்பார், மாமாவுக்குத் தெரிவது முகட்டு ஓடும் பாதி வெள்ளை முடியும். "மனே, முகம் தெரியுதில்ல, கொஞ்சம் கீழ புடிங்க" என்று அங்கிருந்து சத்தம். பேரன் ஓடிவந்து போனை வாங்கிச் சரிசெய்வான். மாமாவோடு கதை முடிந்த பிறகு போன் அவனிடமே இருக்கும். கொஞ்ச நாளில் அம்மம்மாவின் நாடகம், சின்னம்மாவின் சமையல் காணொளி எல்லாம் அவன் பொறுப்பில் வந்துவிடும். நீங்கள் கேட்டால், "அவன் எனக்கு உதவிதான் செய்றான்" என்பார்.

பகிடியை விட்டுச் சொல்லவேண்டியவையும் உண்டு. கட்டில்லாத கிணறு இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். டவுனில் வளர்ந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. வாவியிலும் குளத்திலும் முதலை உண்டு. வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கத்து எல்லைக் கிராமங்களுக்குள் இரவில் யானை வரும். விளாத்திப் பழத்துக்கு விடியற்காலையில் ஓடிய எங்கள் வீரத்தை இன்றைய பிள்ளைக்குக் கதையாகச் சொன்னால் போதும். பாம்பு கடித்தால் மந்திரித்துப் பார்வை பார்க்கிறவர் வீட்டுக்கு முதலில் போகவேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த இலக்கத்தை அம்மம்மாவின் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.

எப்போது இதுவே நல்ல வழி? பிள்ளைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வயது. அம்மம்மாவுக்கு முழங்கால் வேலை செய்கிறது. பக்கத்தில் இன்னும் ஒரு சின்னம்மாவாவது மதில் இல்லாமல் இருக்கிறார். ஒத்த வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று உண்டு. இவ்வளவும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அம்மம்மா தனியாக, சுகமில்லாமல் இருக்கிறார் என்றால் பிள்ளையை அனுப்புவது லீவு இல்லை, அவருக்கு வேலை. தாய் வெளிநாட்டில் இருப்பதால் வருஷம் முழுக்கப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமார் இங்கே ஏராளம். அவர்களுக்கு முன்னால் இந்தத் தெரிவே இல்லை. லீவு தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

## இரண்டாவது வழி: லீவு ரியூசன்

அந்தக் காலத்திலும் ரியூசன் இருந்தது. ஓலைக் கொட்டில், ஆடும் வாங்கு, ரோனியோ மை மணக்கும் வினாத்தாள். வித்தியாசம் எங்கே என்றால், அப்போது ரியூசனுக்குப் போனது பிள்ளை. இப்போது போவது தாய்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு ஒன்றின் வெளியே போய் நின்று பாருங்கள். உள்ளே பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்கும். வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டி இருக்கைகளில் தாய்மார் கடந்தகால வினாத்தாளைப் போட்டு அலசுவார்கள். 'இந்த உருவத்தைத் திருப்பினால் எது வரும்' என்ற கேள்விக்கு இரண்டு தாய்மாருக்கு இரண்டு விடை வந்து, இரண்டு நாள் கதைக்காமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். மாலையானால் தாய்மாரின் போன் குழுவில் புள்ளிகள் வரும். "என்ட மகன் 162தான், சரியான கவனக்குறைவு" என்று ஒருவர் போடுவார். அது கவலை இல்லை, அறிவித்தல்.

எங்கள் தகப்பன்மாருக்குத் தவணைக்கு ஒரு கேள்விதான் இருந்தது: எத்தனையாம் பிள்ளை? பதினேழாம் பிள்ளை என்றால், வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டு, நாற்பது என்றதும் "பரவாயில்லை, பின்னால ஆள் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒப்படை என்றால் பிள்ளை கடதாசிப் பெட்டியை வெட்டி எதையோ ஒட்டிக்கொண்டு போகும், ஆசிரியர் அதைப் பார்த்து இது என்ன என்று கேட்பார். இப்போது இரவு பன்னிரண்டு மணிக்குத் தாய் ரிஜிபோமில் கல்லடிப் பாலம் கட்டிக்கொண்டிருப்பார். தகப்பன் பசை வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை. பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டது. முதலிடம் கிடைத்தால் அழுவதும் தாய்தான்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது மாதாமாதம் உதவிப்பணம் பெறவும், பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் எடுக்கவும் உள்ள வழி. அப்படிப்பட்ட வீட்டில் போய் 'பிள்ளையை விளையாட விடுங்கோ' என்று புத்தி சொல்வது சரியில்லை. சாதாரண தரத்துக்குக் கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு லீவு முழுக்க நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அது பெரிய கொடுப்பினை.

ஆனால் நாலாம் ஆண்டுக்குக்கூட வராத பிள்ளையை 'மற்றப் பிள்ளைகள் போகுது' என்பதற்காகச் சேர்ப்பவர்களும் உண்டு. அங்கே நீங்கள் வாங்குவது பாடத்தை அல்ல, இரண்டு மணித்தியாலக் காவலை. அது பிழை என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த இரண்டு மணித்தியாலம் பெறுமதியானது. காவல் என்று தெரிந்தே வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் 'இன்டைக்கு என்ன படிச்ச' என்று பிள்ளையைக் குடையாமல் இருக்கலாம்.

மறைந்த செலவுகள்: ஓட்டோக் காசு, போட்டோகொப்பி, இடைவேளை ரோல்ஸ், ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாகச் சொல்லும் பயிற்சிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தாய்மார் குழு. அதில் சேர்ந்தால் நிம்மதி போகும், சேராவிட்டால் செய்தி போகும்.

## மூன்றாவது வழி: வீடும் போனும்

இதைத் தெரிவு செய்தேன் என்று யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள். எல்லோர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

நன்மை கண்முன்னே இருக்கிறது. சத்தம் இல்லை. சோறு வாய்க்குள் போகும். பிள்ளை கிணற்றடியிலோ வீதியிலோ இல்லை, சோபாவில் இருக்கிறது. முன்பு அம்மாமார் பிள்ளை எங்கே என்று ஊர்முழுக்கக் கூப்பிட்டார்கள். இப்போது பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறது, நாலு தரம் கூப்பிட்டாலும் கேட்காது.

தீமையைப் பற்றி எல்லோரும் நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே விடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. மூன்று நாலு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடி ஆடவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த 180 நிமிடத்தை எங்கள் காலத்தில் காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே முடித்துவிடுவோம், கிளித்தட்டுக்கு ஆள் சேர்க்க ஓடியதிலேயே.

மறைந்த செலவு போனை வாங்கிக்கொள்ளும்போதுதான் தெரியும். பறிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் சேமித்த நிம்மதி முழுவதும் வட்டியோடு போய்விடும். பிறகு இந்தக் கதைப்பழக்கம். கல்லடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, காக்கா பாணைத் தூக்கிக்கொண்டு போனதும், "ஐயையோ, இப்ப நான் என்ன பண்ணுவேன்!" என்று கார்ட்டூன் தமிழில் கையை விரிக்கும். பக்கத்தில் இருந்த அப்பப்பா, "இது ஆர்ட புள்ள?" என்று கேட்பார்.

போன் இல்லாமல் வீட்டில் இருக்கும் வழி ஒன்று இல்லையா என்றால், 2022இல் நாடு முழுவதும் அதைப் பரீட்சித்துப் பார்த்தது. நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன நாட்களும் வந்தன. சார்ஜ் இறங்கிய போன்கள் மேசையில் கிடக்க, பிள்ளைகள் அலுமாரிக்கு மேல் இருந்த கரம் போட்டை இறக்கினார்கள், தாயம் உருட்டினார்கள், முற்றத்தில் பாய் போட்டுப் பேய்க்கதை கேட்டார்கள். தாய்மார் ஆனந்தப்பட்டார்கள். அப்புறம் கரண்ட் வந்தது.

எப்போது போன் சரி? பிள்ளைக்குக் காய்ச்சல், வெளியே அடைமழை, உங்களுக்கு வீட்டில் இருந்தே வேலை, பக்கத்தில் ஆள் இல்லை. அப்போது குற்றவுணர்ச்சி வேண்டாம், கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் நேரத்தை மட்டும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். 2020இல் பள்ளிகள் பூட்டியபோது வகுப்பே போனில்தான் நடந்தது என்பதைப் பிள்ளைகள் மறக்கவில்லை. 'படிக்கத்தான் கேக்கிறன்' என்ற வசனத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

## ஒரே பார்வையில்

| | அம்மம்மா வீடு | ரியூசன் | வீடும் போனும் |
|---|---|---|---|
| கையால் போகும் காசு | குறைவு | அதிகம் | டேட்டா |
| பிறகு வரும் செலவு | பேன் மருந்து, செருப்பு | ஓட்டோ, போட்டோகொப்பி | கண் வைத்தியர், உடைந்த திரை |
| காவல் | வளவில் ஆள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இல்லை | வகுப்பு நேரம் மட்டும் | உடம்புக்கு உண்டு, மனத்துக்கு இல்லை |
| இரவுத் தூக்கம் | எட்டு மணிக்கே | கணக்குக் கனவோடு | கேட்கவேண்டாம் |
| அலுப்பு வந்தால் | மரம், கோழி, வாய்க்கால் | ஜன்னல் | அடுத்த காணொளி |
| திரும்பும் நிலை | கறுத்து, மெலிந்து, வாய் நீண்டு | பாடம் தெரியும், பள்ளிக்கூடம் அலுக்கும் | லீவு தொடங்கியதுபோலவே |
| தாயின் தலையிடி | தூரத்தில் | கூடவே | போனை வாங்கும்போது |

## யாருக்கு எது

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே எங்கும் அனுப்பவேண்டாம். அம்மம்மா இங்கே வரட்டும், அவருக்கும் ஒரு மாற்றம். வரும்போது எருமைத் தயிர்ச் சட்டியோடு வருவார், அது தனி லாபம்.

ஆறு முதல் ஒன்பது வரை அம்மம்மா வீடுதான் என் முதல் தெரிவு. முழு லீவும் வேண்டாம், பாதி போதும். முதல் இரண்டு இரவும் அழுது கோல் வரும். உடனே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் எடுத்தால், 'பிறகு எடுங்க' என்று பிள்ளை வைத்துவிடும்.

புலமைப்பரிசில் ஆண்டுப் பிள்ளைக்குக் காலையில் வகுப்பு, பின்னேரம் வெளி. இரண்டாவது ஆசிரியரையும் பிடிப்போமா என்ற யோசனை வந்தால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல சைக்கிள் என்ன விலை என்று விசாரியுங்கள்.

பதின்மூன்று பதினான்கு தாண்டிவிட்டால் அம்மம்மா வீட்டுக்குப் போ என்றால் சிக்னல் இல்லை என்பார்கள். அவர்களைப் பிள்ளையாக அனுப்பாமல் வேலைக்காரராக அனுப்புங்கள். வேலி கட்ட, மாமாவோடு வயலுக்குப் போக, கடைக்கணக்குப் பார்க்க. பொறுப்பு என்று சொன்னால் போவார்கள், ஓய்வு என்று சொன்னால் போகமாட்டார்கள்.

அம்மம்மா வீடே இல்லாதவர்கள், இருந்தும் அனுப்ப முடியாதவர்கள் டவுனில் நிறையப் பேர். அவர்கள் ஒழுங்கையில் உள்ள நாலு குடும்பத்தோடு கதைத்துப் பாருங்கள். ஒரு நாள் ஒரு வீட்டு முற்றம், அந்த வீட்டில் ஒரு பெரியவர் காவல், மற்ற மூன்று தாய்மாருக்கும் அன்று நிம்மதி. மத்தியானச் சோறும் அங்கேயே. பெரியம்மாவும் சின்னம்மாவும் முன்பு சும்மா செய்த வேலையை முறைபோட்டுச் செய்வதுதான் இது. காசும் பெரிதாக முடியாது. ஒரு வீட்டில் கறி உறைப்பு, இன்னொரு வீட்டில் நாய் என்று முறைப்பாடு வரும், அதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அம்மம்மா வீடு என்று முடிவெடுத்தவர்கள் பையில் வைக்கவேண்டியவை: பழைய உடுப்பு, இரண்டு சோடி செருப்பு, பேன் சீப்பு, காய்ச்சல் மருந்தும் அதன் அளவு எழுதிய துண்டும், நுளம்பு வலை, கிளினிக் கொப்பியின் பிரதி. லீவு வேலைப் புத்தகத்தையும் வைக்கலாம், திறக்கப்படாமல் பத்திரமாகத் திரும்பி வரும். அம்மம்மாவின் போனுக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுங்கள். பேரனைக் கொண்டு மட்டும் அதைப் போடுவிக்காதீர்கள்.